துண்டாக்காதே

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
இஞ்சின் திசைமாற்றும் வரை நின்றபோது
கலியமூர்த்தியின் மூன்றாவது அழைப்பு:
"பேரு போவுது, பட்டா நம்பர் போவுது,
படத்த வச்சா மட்டும்
சுத்திக்கிட்டே நிக்குதுங்க மேடம்."

கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய்க்குள் வேர்த்துக் கிடந்தது நெல்.
ராசகிளி என்பவர் பதினோரு நாளாகத்
தன் அம்பாரத்தின் காலடியிலேயே படுக்கிறாராம்.
அடங்கல் படம் ஏறாமல்
தராசு அசையாது.

ரவுட்டரில் விளக்கு பச்சை. டனல் உயிரோடிருக்கிறது.
பிங் போட்டேன்.
முப்பத்திரண்டு மில்லிசெகண்டில்
சென்னைக்குப் போய்
வாலைத் தூக்கிக்கொண்டு திரும்பியது.
எல்லாம் சௌக்கியம் என்று பொய் சொல்வதில்
சின்னப் பாக்கெட்டை மிஞ்ச ஆளில்லை.

துண்டாக்காதே என்ற கொடியைக் குத்தி
எடை ஏற்றினேன்.
ஆயிரத்து முந்நூறு, வந்தது.
ஆயிரத்து நானூறு, இல்லை.
முந்நூற்றைம்பது, வந்தது. எண்பது, இல்லை.
எழுபத்திரண்டு
வந்தது.
எழுபத்து மூன்று
கிணற்றில் போட்ட கல்,
தண்ணீரில் விழுந்த சத்தமே இல்லை.

ராசகிளி தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.
"ஏம்மா, ஒத்த நம்பருக்கா இந்தப் பாடு?"

நாற்பது கிலோ சிப்பம் கட்டுகிறீர்கள் இல்லையா, என்றேன்.
இங்கே அந்தச் சிப்பத்தை
இன்னொரு சாக்குக்குள் திணித்து
வேறு விலாசம் எழுதித் தைக்கிறோம்,
உள்ளே என்ன என்று வழியில் யாருக்கும் தெரியாமலிருக்க.
வெளிச்சாக்குக்கும் எடை உண்டு.
அதைக் கழிக்க மறந்துவிட்டார்கள்.

"சாக்கு எடைய
எங்ககிட்ட மட்டும்தான்
மறக்காம கழிப்பாங்க போல."

வழியில் ஏதோ ஒரு ரவுட்டர்
'பெரிசு, சிறுசாக்கி அனுப்பு' என்று
ஒவ்வொரு தடவையும் சீட்டெழுதித் திருப்பியிருக்கிறது.
அந்தச் சீட்டை வாசலிலேயே கிழித்துக்கொண்டிருந்தது
என் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய ஃபயர்வால்.
விதி எழுதியது சென்னையில் அன்வர்தீன்.
"ஆடிட்ல சொன்னாங்க, எல்லாத்தையும் அடைச்சோம்.
திறக்கணும்னா மூணு நாள் ஆகும்."

மூன்று நாளில் முளைவிடும்.

துண்டு போட்டே அனுப்பலாம்.
இரண்டில் ஒன்று வழியில் செத்தால்
மற்றது அக்கரையில் அரை நிமிடம் காத்திருந்து
குப்பைக்குப் போகும்.
மூணாறு தலைப்பைத் தாண்டித்தான் வந்தேன்.
வெண்ணாறு அங்கே மூன்றாய்ப் பிரிகிறது,
எந்தத் துண்டுக்கும் வரிசை எண் இல்லை.
பாமணியாறு வந்துசேர்ந்ததா என்று
கோரையாறு எங்கேயும் நின்று கேட்பதில்லை.
நடுவில் ஒரு வயல் குடித்துவிட்டால்
அதற்குப் பேர் இழப்பும் இல்லை.
என் தொழில் அப்படி இல்லை.
ஒரு பைட் குறைந்தாலும்
படம் படமில்லை.

ஃபயர்வாலைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.
ரவுட்டரைத் தொடலாம்.
ஒரே ஒரு வரி எழுதினேன்:
இரு பக்கமும் கைகுலுக்கும்போதே
ஆயிரத்து முந்நூற்று அறுபதுக்கு மேல்
ஒரு மூச்சில் பேசுவதில்லை என்று
ஒப்புக்கொள்ளட்டும்.
முதலிலேயே சிறியதாய்ப் பிறந்தால்
வழியில் வெட்டுப்பட வேண்டாம்.

சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது.
அடங்கல் ஏறியது, கைரேகை ஏறியது,
ராசகிளியின் முகமும் ஏறியது,
கொஞ்சம் சாய்ந்தபடி.
கலியமூர்த்தி ஒரு பிடி நெல்லை அள்ளி
ஈரமானியில் போட்டார்.

பதினேழு புள்ளி ஆறு.

ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
ராசகிளி தார்ப்பாயின் முனையை அவிழ்த்தார்.
நான் மடிக்கணினியை மூடிவிட்டு
மறுமுனையைப் பிடித்தேன்.
வெயில் இன்னும்
ஒரு மணி நேரம் இருந்தது.