அச்சாரம்

காற்று நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
கிளைபேடா துறைமுகத்தில் கிரேன்களை நிறுத்திவிடுவார்கள்.
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
இறங்கி வருகிறேன்.
கையுறைக்குள் விரல்கள் இன்னும்
நெம்புகோலைப் பிடித்த வாக்கிலேயே.

வீட்டுக்கு வந்து
கம்பளிக் காலுறையைக்கூடக் கழற்றாமல்
கணினியைத் திறந்தால்
அங்கேயும் சரக்குப் பெட்டிகள்தாம்.
பகலில் கூலிக்குத் தூக்குவதை
இரவில் காசு கொடுத்துத் தூக்குகிறாய் என்பாள் உர்தே.
அவள் சொல்வதில் பிழையில்லை.
பிழையெல்லாம் ஆட்டத்தில்.

நேற்று நிலையத்து மின்தூக்கி
என்னை விட்டுவிட்டுத் தான்மட்டும் மேலே போனது.
முந்தாநாள் தரை என்னைத் தாங்க மறந்தது.
ஒரு கோளுக்குள் நழுவி
விழுந்துகொண்டே இருந்தேன்.
உள்ளே நெருப்பில்லை, பாறையில்லை.
யாரும் இன்னும் வரைந்திருக்கவில்லை.
எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.
அப்போதும் விழுந்துகொண்டிருந்தேன்.

பத்து வருடம் முன்பு
ஒரு கப்பலுக்கு அச்சாரம் கொடுத்தேன்.
நூற்றி நாற்பது யூரோ.
காருக்குப் பனிக்கால டயர் வாங்க வைத்திருந்த பணம்.
கப்பல் அப்போது வெறும் படம்:
வயிறு திறந்து, மஞ்சள் விளக்கில்,
சரக்குக்குக் காத்து நிற்கும்.
நான்கு வயது உர்தே
திரையில் விரல் வைத்து
எப்போ வரும் என்றாள்.
அடுத்த கோடையில் என்றேன்,
அவர்கள் எழுதியிருந்ததை அப்படியே.

கோடைகள்தாம் வந்தன.
பங்காளிகளின் நிலவழக்கு மாதிரி
வாய்தாவுக்கு மேல் வாய்தா.
இதற்கிடையில் தொடங்கிய எங்கள் மணமுறிவு
மூன்றே அமர்வில் தீர்ந்தது.
படகையும் நாயையும் கொண்டுபோன மாண்ட்விதாஸ்
வாசலில் நின்று சொன்னான்:
முடியாத ஒன்றோடுதான் உனக்கு ஒத்துப்போகும்.
சாபமாகத்தான் சொன்னான்.
எனக்கென்னவோ
சான்றிதழ் மாதிரி கேட்டது.

அனீபாலைக் குரலாக மட்டும் தெரியும்.
உருகுவேயில், சால்த்தோவில்,
ஆரஞ்சு தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை.
எனக்கு நள்ளிரவென்றால் அவனுக்கு மாலை ஏழு.
எங்களுக்குப் பொதுவாக உள்ள இருநூறு ஆங்கிலச் சொற்களில்
பாதி, கப்பலின் உறுப்புகள்.
துக்கம் விசாரிக்க வேண்டி வந்தபோது
எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான்.
போதும், என்றேன்.
அவனும் அதே படத்துக்கு அச்சாரம் கொடுத்தவன்.

போன மாதம் ஒரு புதுப்பிப்பு.
இனி
விட்ட பொருள் விட்ட இடத்திலேயே கிடக்குமாம்.
பார்த்துவிடுவோம் என்று
பெயர் வைக்காத ஒரு நிலவின் பள்ளத்தில்
அனீபால் ஒரு குவளையை வைத்தான்.
மறுநாள் போகும் வழியிலேயே
சர்வர் படுத்துவிட்டது.
அதற்கடுத்த நாள் போனோம்.
இருந்தது.
பாதி மண்ணுக்குள் புதைந்து,
காய்ச்சல்காரனைப் போல் நடுங்கிக்கொண்டு,
ஆனால் இருந்தது.
தலைக்கவசம் போட்ட இரண்டு பேர்
பேசாமல் நின்று பார்த்தோம்.
ஹெட்ஃபோனில் அவன் வீட்டுத் தவளைகள் கேட்டன.
என் பக்கம் ஜன்னலை உலுக்கும் காற்று
அவனுக்குக் கேட்டிருக்கும்.

இன்றிரவு உர்தே
குளிர்ந்த பீட்ரூட் சூப்புக் கிண்ணத்தோடு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
எப்போ வரும் என்று கேட்பதை
அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.
இப்போது கேட்டது வேறு:
வந்துவிட்டால் என்னம்மா செய்வாய்?

பதில் யோசிப்பதற்குள் கைபேசி அதிர்ந்தது.
காற்று பதினேழு. மேலே வா.

நாற்காலியிலிருந்து நான் எழ
அவள் உட்கார்ந்தாள், கிண்ணத்தோடு.
விசைப்பலகையில் சிந்தாதே என்றேன்.
வேறொன்றும் தோன்றவில்லை.

விடியுமுன் கூண்டில் இருந்தேன்.
கடற்காயலின் மேல் மூடுபனி.
கீழே மஞ்சள் விளக்கில் பெட்டிகள்.
ஏழாவது பெட்டியின் ஒரு மூலை பூட்டில் சிக்கி
வர மறுத்தது.
இறக்கி, மெல்ல அசைத்து, மறுபடி தூக்கினேன்.
அந்தரத்தில் அது ஆடி அடங்கும்வரை காத்திருந்தபோது
உர்தேயின் செய்தி:

அம்மா, அந்தக் குவளையைக் காணோம்.
தேடிப் பார்த்துவிட்டு
வேறொன்று வைத்திருக்கிறேன்.
அனீபாலிடம் சொல்லாதே.