கலைக்காத நாலு வரி

செவ்வாய்க்கிழமை நாங்கள் டோரி.
வெள்ளிக்கிழமை விக்.
நடுவில் இரண்டு நாள்
சாம்பல்நீரில் ஈயத்தைக் கழுவுவோம்.
முதலாளி பெக்விட்டுக்கு அச்சுக்கூடம் ஒன்று,
சந்தாப் புத்தகம் இரண்டு,
மனசாட்சி தேவைக்கேற்ப.
ஹல் துறைமுகத்தில் இது ஊரறிந்த ரகசியம்.
எனக்கு வாரக் கூலி. எழுத்துக் கோக்கிறவனுக்கு
எந்தக் கட்சியும் தலைகீழாகத்தான் தெரியும்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று, மார்ச்.
கெசையா ஹார்லண்ட் என்ற மீன்காரியின் கவிதைகள்
மதிப்புரைக்கு இரண்டு படி வந்தன.
தாள்மடிப்பு வெட்டாத புத்தகம்.
காணிக்கைப் பக்கம் மட்டும் வெட்டாமலே தெரியும்:
விக் வேட்பாளரின் மனைவி பெயர்.
போதாதா?

செவ்வாய்க்கு எழுதியவர் பாதிரியார் க்ரோம்.
"இவளை இன்று பாட விட்டால்
நாளை வாக்குச் சீட்டு கேட்பாள்" என்று தொடங்கி
ஒன்றரைப் பத்தி தள்ளி
மீன் நாற்றத்தில் முடித்தார்.
குற்றத்துக்குச் சாட்சியாக,
மடிப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்து
நாலு வரி பிடுங்கிப் போட்டிருந்தார்:

போன படகு போனதுதான்.
மணலில் வலை காய்கிறது.
அதன் ஓட்டைகளை எண்ணுகிறேன்,
ஒவ்வொன்றும் அவன் விரல் நுழையும் அளவு.

மெழுகுவர்த்தி அணையப் போகிற நேரம்.
என் விரல் அறை தவறி
வலை, அலை ஆயிற்று.
யாரும் கவனிக்கவில்லை,
பாதிரியாரும்தான்.

புதன்கிழமை பக்கத்தைக் கலைத்தேன்.
'அருவருப்பு' துண்டு துண்டாக அறைகளுக்குப் போனது.
அதே எழுத்துகள் வெள்ளிக்கு 'அருமை' ஆக வேண்டும்;
ஈயத்துக்கு ரோஷம் கிடையாது.
அந்த நாலு வரியை மட்டும் கலைக்காமல்
நூலால் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
ஒருவர் காறித் துப்பிய இடத்தில்தான்
மற்றவர் மாலை போடுவார்,
எனக்குத் தெரியும்.

போட்டார். வழக்கறிஞர் டென்பி, மூன்று பத்தி.
அவர் கைப்பிரதியிலேயே இருந்தது:
"மணலில் காயும் அலை! என்ன துணிச்சல்!
அலையிலும் ஓட்டை காணும் கண்
பழைய ஆட்சியின் ஓட்டைகளைக் காணாதா?"
அன்றிரவு அவருடைய படியைத் தேடி எடுத்தேன்.
ஒரு மடிப்பும் திறந்திருக்கவில்லை.
பேனாக்கத்தியால் நான் வெட்டினேன்.
விடியும்வரை வெட்டினேன்.

திங்கட்கிழமை அவளே வந்தாள்,
ஃபைலியிலிருந்து, காலிக் கூடையோடு.
திட்டியதைப் பற்றிக் கேட்கவில்லை.
புகழ்ந்ததைப் பற்றியும்.
"அது வலை" என்றாள்.

பெக்விட்டிடம் போனேன்.
"வெள்ளியில் திருத்தினால் டென்பிக்குத் தலைகுனிவு.
செவ்வாயில் திருத்தினால் மீன்காரிக்கு உபகாரம்.
தேர்தல் வரட்டும்."
தேர்தல் வந்தது, மே மாதம்.
செவ்வாய்ப் பத்திரிகை, முதல் பக்கம், தடித்த எழுத்து:
விக் கனவான்கள் புத்தகத்தைத் திறப்பதில்லை,
மசோதாவை மட்டும் படித்திருப்பார்களா?
இப்படித் திரும்பி வந்தது அவள் வலை,
அடுத்தவன் மண்டையில் எறிய ஒரு கல்லாக.
பெயர்கூட இல்லை. 'ஒரு மீன்காரி.'
அதைக் கோத்ததும் நான்தான்.

அதெல்லாம் பிறகு.
அந்தத் திங்கட்கிழமை நான் செய்தது இவ்வளவே:
ஜன்னல் விளிம்பிலிருந்து கட்டை எடுத்தேன்.
ஊசியால் ஓர் எழுத்தைக் கிளப்பினேன்,
சரியானதை இறக்கினேன்.
அவளிடம் நீட்டினேன்.
ஈயத்தில் எல்லாம் இடவலம் மாறி இருக்கும்;
பார்க்க வருகிறவர்கள் கண்ணாடி கேட்பார்கள்.
அவள் கேட்கவில்லை.
வலப்பக்கமிருந்து விரலை வைத்து,
வலையைப் புரட்டிப் போட்டு
அடிப்புறமாகப் பொத்தல் அடைக்கிறவள் போல
ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் போனாள்.
நாலாம் வரியில்
விரல் நின்றது.
மை ஒட்டியிருந்தது.
துடைக்கத் துணி கொடுத்தேன்.
வாங்கவில்லை.