ஐம்பது ரூபாய், 1974

நகரியில் விசைத்தறிகள் வாய் மூடுவது
மின்சாரம் போனால் மட்டும்.
அப்படி ஊருக்கே காது அடைத்த ஒரு பகலில்
தேசம்மா என் கடைப்படி ஏறினாள்.

காசுக்கு முன்னால் பெருங்காய வாசம் வந்தது.
தகர டப்பா, உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள் அகலமாய் ஒரு வெள்ளி.

விலையைத் தெலுங்கில் கேட்டாள்,
பேரத்தைத் தமிழில் தொடங்கினாள்.
இங்கே எல்லோரும் அப்படித்தான்.
எண்களை ஒரு மொழியிலும்
கோபத்தை இன்னொன்றிலும் வைத்திருப்போம்.

விளிம்பைப் பிடி, முகத்தைத் தொடாதே என்பது
என் தொழிலில் மிச்சமிருக்கும் ஒரே மரியாதை.
அவளோ கட்டைவிரலை முகத்தில் அழுத்தி நீட்டினாள்.
முந்தின ராத்திரி பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.
கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.
அதுதான் வினை.
ஐம்பது வருஷக் கறுப்பு ஒரே ராத்திரியில் சாக்கடையில்.
அந்தக் கறுப்புக்குத்தானம்மா நாங்கள் காசு தருகிறோம்
என்று சொல்ல வாயெடுத்து
தராசை இழுத்துக்கொண்டேன்.

முப்பத்துநாலரை கிராமும் கொஞ்சமும்.
பாதி வெள்ளி, மீதி செம்பு வகையறா.
ஒரு அப்பா, ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள்.
திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு.

"எங்கப்பா சுகாதாரத் துறை.
புத்தூர்லேர்ந்து சத்திரவாடா வரைக்கும்
சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் அவர் வரைஞ்சதுதான்.
பம்பாய்க்குப் பணம் கட்டி வரவழைச்சார் இதை.
இது வந்தது எழுபத்துநாலு.
நான் வந்தது எழுபத்தாறு."
சிரிக்காமல் சொன்னாள்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினேன்.
சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில், காலி இடத்தில்,
ஒரு கோடு.
கோட்டின் தலையில் நசுங்கின ஒரு வட்டம்.
கை என்று நினைத்துப் போட்ட இரண்டு இழுப்பு.
பாவாடைக்கு ஒரு முக்கோணம்,
அப்பா வரைந்ததைப் போலில்லை, நேரானது.

"யாரும்மா இது?"
"நான்தான். அஞ்சாங் கிளாஸ். காம்பஸ் புதுசு."
"அடி விழுந்துதா?"
"பார்த்தார். மூடி வெச்சுட்டார்.
அதுக்கப்புறம் வந்தவங்க யாருக்கும் எடுத்துக் காட்டல."

வீடு முனிரத்னத்துக்கு. தறிக்கொட்டகை ஏகாம்பரத்துக்கு.
டப்பாவைத் திறந்து பார்த்த பெரியண்ணன்
இதுல நீயும் இருக்கியே,
நீயே வெச்சுக்கோ என்றானாம்.

கீறல் இல்லாவிட்டால் ஒரு விலை.
கீறலும் பல்பொடியும் சேர்ந்தால் உருக்கு விலை.
இரண்டையும் தாளில் எழுதி
அவள் பக்கம் திருப்பினேன்.

"அப்போ நான் எவ்வளவு குறைச்சிருக்கேன்?"

பல்பொடிக்குத் தனி, காம்பஸுக்குத் தனி என்று
பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.
கழித்து, கால்குலேட்டரை நீட்டினேன்.
உற்றுப் பார்த்தாள்.
"அவ்வளவா!"
அப்போதுதான் முதல் தடவை பல் தெரிந்தது.

உருக்கு விலையை எச்சில் தொட்டு எண்ணி வாங்கினாள்.
டப்பாவைத் திரும்பக் கேட்டாள்.
அது விற்பனைக்கில்லையாம்.
மின்சாரம் வந்தது.
நாலு தெருத் தறிகளும் ஒரே மூச்சில் பேசத் தொடங்க,
அந்த இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றி
படியிறங்கும்போது சொன்னாள்:
"வெள்ளி வஸ்தானு."

போய் வருகிறேன் என்று பொருள், தெலுங்கில்.
தமிழில் அது
மேஜைமேல் கிடந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
ஐம்பது ரூபாய், 1974.
நிலை: தேய்த்தது. உருவங்கள்: ஐந்து.

உருக்குகிற ஆள் செவ்வாய்தோறும் சென்னையிலிருந்து வருவான்.
மூன்று செவ்வாய் வந்து போய்விட்டான்.
வெள்ளி ஏறுகிறது, இருக்கட்டும் என்று
வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.
போன வாரம் கொஞ்சம் இறங்கியது.
அதைச் சொல்லவில்லை.