சுமார்

ஏழு நாற்பதுக்கு, கொள்ளுப்பிட்டிச் சந்திக்குச் சற்று முன்னால்,
நூற்றியொன்றாம் இலக்க பஸ்ஸில்
எல்லாருடைய போனும் ஒன்றாய் முனகும்.
முன்சீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து வாசிப்பார்.
"கீயத?" என்பார் பக்கத்தில் இருப்பவர்,
தேசிக்காய் விலை கேட்கும் குரலில்.
"ஹெத்தெஹதர."

அது என் தலைக்குள்
எழுபத்து நாலாய் மாற ஒரு கணம் பிடிக்கும்.
அந்த ஒரு கணம்
ஒருவரும் சாகவில்லை.

பிறகு சாவார்கள்.
பிறகு காலிமுகத்திடல், கடல்,
மணல்மூட்டைச் சாவடி, அடையாள அட்டை,
இறங்கி, ஏறி,
கோட்டை ஸ்டேசன் வாசலில்
சோமதிலக்கவின் லொத்தர்ப் பலகை.
"எழுபத்து நாலில் முடியிற சீட்டு இருக்கா?"
எனக்கு முன் மூன்றுபேர் கேட்டுவிட்டார்கள்.
செத்தவர்களின் எண்ணுக்கு
நல்ல ராசி என்று கதை.
நானும் கேட்டேன்.
வரிசையில் நின்றுவிட்டு வேறு எண் கேட்டால்
யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா.
(அதுவும் பொய். எனக்கும் ராசி வேண்டியிருந்தது.)
கடைசி இலக்கம் பொருந்தி இருபது ரூபாய் விழுந்தது.
பிளேன்ரீ குடித்தேன். சீனி கூட.

கந்தோரில் மிஸிஸ் பெரைரா நல்ல மனுசி.
கிணற்றில் விழுந்த யானைக்குட்டியை டீவியில் பார்த்து
மத்தியானச் சோற்றைத் தொடாமல் மூடிவைத்தவ.
அவதான் தினமும் என் மேசைக்கு வந்து
"இன்றைக்கு ஸ்கோர் எவ்வளவு?" என்பா,
குரோதம் எதுவுமில்லாமல்,
மழை வருமா என்பதுபோல.

இரவில், வெள்ளவத்தை அனெக்ஸில்,
வீட்டுக்காரர் குகதாசன் யன்னலைச் சாத்தி
ரேடியோவை வயிற்றோடு அணைத்துக் கேட்பார்.
"அவங்களுக்கும் இண்டைக்கு இருபது விழுந்திருக்கு, பிள்ளை."
பத்து என்று சொன்னதை அவர் இருபதாக்குவார்,
குழம்புக்குப் புளி கூட்டுவதுபோல.
நான் சிரித்தேனா?
சிரிக்கவில்லை.
சோறு இறங்கிற்று.

அக்காவின் மகள் நிதுர்சனாவுக்குப் பதினாலு.
தருமபுரத்திலிருந்து மார்கழியில் ஒரு கடிதம்:
"சித்தி, வரேக்க எனக்கொரு ஜியோமெற்றிப் பெட்டி."
அதற்குப் பிறகு செய்தியில் எண்களுக்கு முன்னால்
ஒரு சொல் வரத்தொடங்கியது.
சுமார் நூறு. சுமார் இருநூறு.
எண்ணுக்குள் அவளைத் தேடுவதை விட்டேன்.
அவள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறாள்,
முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில்
காலை மடக்கி.

சித்திரையில் சோமதிலக்க ஒன்பது நாள் வரவில்லை.
பத்தாம் நாள் வெள்ளைச் சட்டை.
"பெட்டியைத் திறக்க விடவில்லை, நோனா.
பாரத்தை வைத்துத்தான் மகன் என்று நம்பினோம்.
பேப்பரிலும் பார்த்தேன்.
எங்கள் பக்கத்துக்கு எண் போடுவதில்லையாம்."
பின்னாலிருந்து ஒருவன் எட்டி
அன்றைய எண்ணில் முடியிற சீட்டுக் கேட்டான்.
எடுத்துக் கொடுத்தார்.
மிச்சக் காசும் எண்ணிக் கொடுத்தார்.
ஒருநாளும் கேட்காததை அன்றைக்கு என்னிடம் கேட்டார்:
"நோனாவுக்கு அங்கே யாராவது?"
கந்தோருக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வைகாசியில் வெடி கொளுத்தினார்கள்.
மிஸிஸ் பெரைரா வாழையிலைத் துண்டில்
பாற்சோறு கொண்டுவந்தா, கட்டைச்சம்பலோடு.
"இனி ஒருவரும் சாக வேண்டியதில்லை" என்றா.
கண் கலங்கித்தான் சொன்னா.
இரண்டு கையாலும் வாங்கினேன். தின்றேன்.
தேங்காய்ப்பால் நல்லாய்த்தான் இருந்தது.

சந்தையில் கண்டவர்கள் எப்படிச் சுகம் என்கிறார்கள்.
சுமார், என்கிறேன்.

இப்போதும் ஏழு நாற்பதுக்கு போன்கள் முனகுகின்றன.
எங்கோ கரீபியன் தீவில் இரவிரவாய் மட்ச்.
"கீயத?"
"ஹெத்தெஹதர. நொட் அவுட்."
பஸ் முழுக்கச் சிரிக்கிறது.
எனக்கு இன்னும் எழுபத்து நாலு வந்து சேரவில்லை.
வராமலே இருக்கட்டும் என்று
கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறேன்.
கொண்டக்டர் முதுகில் தட்டி
உள்ளுக்குப் போகச் சொல்கிறான்.