இதற்கும்

குத்தாயிசி நகரில் இரவு மூன்று மணி.
நுக்ஸார் எழுந்து போகிறான்.
இப்போதெல்லாம் கதவைச் சாத்துவதில்லை.
படுத்தபடியே கேட்கிறேன்:
பீங்கானில் விழும் நீர்,
முதலில் தயங்கி, பிறகு தாராளமாய்.

மூன்று வருடம்
இந்த வீட்டில் இல்லாதிருந்த சத்தம்.
அப்போது ஜன்னலோரம் ஓர் அரை லிட்டர் புட்டி,
பேனாவால் கோடு போட்டது.
ஒரு நாள் தாகத்துக்கு அவ்வளவுதான் அனுமதி.
கோடையில் ரியோனி ஆறு
பாலத்தடியில் இரைந்து ஓடும்;
நாக்கில் ஐஸ்கட்டியோடு
வேறு தெரு சுற்றி வீடு வருவான்.

தங்கை லமாரா சிறுநீரகம் தந்தாள்.
"இரண்டு அங்கி வைத்திருந்தேன், அண்ணா"
என்றாள். வேறு பேச்சில்லை.

ஈஸ்டருக்கு மெழுகுவர்த்தி ஏந்தி நின்றோம்.
பாதிரியார் நெடுநேரம் பாடினார்.
நுக்ஸார் வாயே திறக்கவில்லை.
அவன் ஸ்தோத்திரம் இங்கேதான்,
சில்லிட்ட தரையில், வெறுங்காலோடு:
"கர்த்தாவே, இதற்கும்."

திரும்பி வந்தவன் குறட்டை விடுகிறான்.
நான் எழுந்து போகிறேன்,
ஐம்பத்திரண்டு வருடமாய்
ஒரு தடவைகூட
நன்றி சொல்லாமல்
போய்வந்த அதே இடத்துக்கு.