இரண்டு குடை

நிரலுக்குள் இன்னொரு நிரலை அனுப்பியிருந்தேன்,
யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை
என்று பார்த்துவர.

மாரத்தஹள்ளி, ஐந்தாம் மாடி.
மேசைக்கடியில் பதினாறு கோர்கள்.
உழைப்பது ஒன்று. மற்ற பதினைந்தும்
சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தன.

பள்ளிக் கணக்கில் சார்பு என்று படித்தோமே, அவைதான்.
வேடிக்கையான பெயர்.
கைக்கு வந்ததைத் தவிர
எதையும் சாராதவை,
போகிற வழியில் ஒரு விளக்கைக்கூட அணைக்காதவை.

விடிவதற்குள் பட்டியல் வந்துவிட்டது:
பிரித்துக் கொடுக்கத் தோதான இடங்கள்
பதினோராயிரத்து நாற்பது.
கொடுத்தேன்.
ஒற்றை ஆளாக ஒன்பது நொடியில் முடிந்தது
பதினாறு பேர் சேர்ந்து முப்பத்தொன்று.

பெள்ளியப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தான்.
அவன் கன்னடத்தில் சொன்னதைத்
தமிழில் இப்படித்தான் சொல்லமுடியும்:
இரண்டையும் மூன்றையும் கூட்ட
ஆள் கூட்டி வந்திருக்கிறாய்.
அவன் வந்து செருப்பைக் கழற்றி
தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து
'ஐந்து' என்று சொல்லிவிட்டுப் போவதற்குள்...

சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கினேன்.
ஆயிரங்கள் உதிர்ந்து நானூறு நின்றது.
இன்னும் பெரிதாக்க, பத்தொன்பது.

அதில் ஒன்று உறுத்தியது.
ஒரே முடிச்சை
இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் அவிழ்க்கின்றன,
ஒன்றுக்கு மற்றதைத் தெரியாமல்.
பிழையில்லை. விடையும் அதேதான்.
உழைப்புதான் இரட்டிப்பு.
பூட்டுப் போடலாம்.
பூட்டுக்கும் விலை உண்டு.

நாலு மணிக்கு மழை பிடித்தது.
ரிங் ரோடு முழுக்கச் சிவப்பு விளக்குகள்.
ஆறரைக்குக் கிரெச் மூடிவிடும்,
தமீமுக்கோ போன் போகவில்லை.
ஸ்கூட்டரை ஒரு டயர் கடை வாசலில் விட்டு நடந்தேன்,
முழங்கால்வரை பழுப்புத் தண்ணீர்.

கேட்டுக்குத் தெற்கிலிருந்து நான்.
வடக்கிலிருந்து, பேன்ட்டை மடித்துவிட்டு, அவன்.

நஸ்ரின் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
பிறகு இரண்டு குடையையும் வாங்கிக்
கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு
முன்னால் நடந்தாள்.
நனைந்தபடி நாங்கள், பின்னால்.

இரவு அந்தப் பூட்டை எழுதவில்லை.
விடை மாறாத இடத்தில்
எப்போதாவது இருவர் போகட்டும் என்று
ஒரு வரிக் குறிப்பு மட்டும்.

காலையில் பெள்ளியப்பா காரணம் கேட்பான்.
கணக்குத் தயார்:
பூட்டில்லாமல் இரண்டு நொடி.
பூட்டோடு இரண்டரை.