சாவி இருக்கிற வீடு

கிழவர் நசாரியோவை அடக்கம் செய்த மூன்றாம் நாள்
அவர் மருமகன் படகை விட்டு இறங்காமலே
சாவியை என் பக்கம் எறிந்தான்.
உள்ளங்கையை விட நீளமான இரும்பு.
மெழுகும் மீனும் கலந்து நாறியது.
"உன் வீடுதானே கோயிலுக்குக் கிட்டே" என்றான்.
மோட்டாரைத் திருப்பிப் போய்விட்டான்.

ஆண்டவரே,
அழைப்பு என்று இதையா சொல்கிறார்கள்?

எங்கள் தீவுக்குக் குருவானவர் வருவது
வருடத்துக்கு இரண்டு தடவை,
அதுவும் கடல் சம்மதித்தால்.
மற்ற நாளெல்லாம் மணி அடிக்க,
செபம் முன்சொல்ல,
செத்தவர்களை உம்மிடம் ஒப்படைக்க
ஊரில் ஓர் ஆள் வேண்டும்.
பிஸ்கால் என்போம்.
முப்பத்தொரு வருடம் நசாரியோ.
அவருக்கு நல்ல குரல், வெள்ளைச் சட்டை,
குடிக்காத வாய்.

நான் சிப்பி ஆலையில் ஓடு நீக்குகிறவள்.
பலகையில் எதெல்வினா சிகுவாய் என்ற பெயருக்கு எதிரே
மணிக்கு எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும்.
என் வாய் எப்படிப்பட்டதென்று
மேற்பார்வையாளனைக் கேட்டால் சொல்வான்.

சாவியை உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

நீர் கூப்பிட்டால் குரல் கேட்கும் என்று
முதல் நற்கருணை வகுப்பில் சொன்னார்கள்.
அதனால் விளக்கணைத்துக் காத்திருந்தேன்.
மழை.
தகரத்தின்மேல் இரவு முழுக்க மழை.
அது எல்லா வீட்டுக் கூரையிலும்
ஒரே மாதிரிதான் பேசியது.

காஸ்த்ரோவுக்குச் சாமான் வாங்கப் போனபோது
பங்குத்தந்தையைக் கேட்டேன்:
கூப்பிடுவது அவர்தான் என்று
எப்படிச் சாமி தெரியும்?
நனைந்த காலுறையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டபடி
"எனக்கே சில நாள் தெரிவதில்லை, மகளே" என்றார்.
படகில் திரும்பி வரும் வழியெல்லாம்
அந்த மனிதர்மேல் எரிச்சலாக வந்தது.
சம்பளம் வாங்குகிறவர்
இப்படியா பேசுவது?

ஆகஸ்டில் வடகாற்று எழுந்தது.
எவாரிஸ்தோவின் படகை
பாறைப் பக்கமாகக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.
பையனுக்குப் பத்தொன்பது.
கிடைத்தான்.
கிடைத்தது உடம்பு.

அவன் தாய் எர்மெலிந்தா என் வாசலில் நின்றாள்.
தட்டவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாளோ,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
"சாவி இருக்கிற வீடு இதுதானே?"
என் பெயரைக்கூட அவள் சொல்லவில்லை.

மூட்டையை இழுத்தேன்.
கிழங்குகள் தரையெங்கும் உருண்டன.
அவற்றை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

ஈரத்தில் ஊதிப்போன கதவு.
தோளால் இரண்டு முறை மோதியபோது
நான் சொன்ன வார்த்தை
கோயில் வாசலில் சொல்லக்கூடியதில்லை.
திறந்தது.

நசாரியோவின் நோட்டுப்புத்தகம் பீடத்தடியில் இருந்தது,
அவர் கையெழுத்தில்.
முதல் பக்கம் வாசித்தேன்.
இரண்டாம் பக்கத்தைப் பூஞ்சை தின்றிருந்தது.
"இரக்கமுள்ள பிதாவே, உம் அடியான் எவாரிஸ்தோவை..."
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
பச்சைக் கறை.

நாற்பது பேர் பின்னால் நிற்கிறார்கள்.
ஒருவரும் இருமவில்லை.
என் விரல்களில் ஆலையின் வெட்டுக்காயங்கள்
ஒவ்வொன்றாகத் துடித்தன.

அப்போது கடைசி வரிசையிலிருந்து
பெலார்மினா.
வேலிக் கம்பிக்காக
ஒன்றரை வருடமாய் என்னோடு முகம் கொடுக்காதவள்.
"...உம் கைகளில் ஏற்றுக்கொள்ளும்" என்றாள்,
கடன் பாக்கி கேட்கிற குரலில்.
அவளோடு இன்னொருத்தி.
பிறகு ஆண்கள்.
நான் கடைசியாகத்தான் சேர்ந்துகொண்டேன்.

மறுநாள் ஆலைக்குப் போனேன்.
என் கிலோ குறைந்திருந்தது. எழுதினார்கள்.

இது நடந்து எட்டு மாதம்.
கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.
பூஞ்சை தின்ற பக்கத்தைப் பெலார்மினா சொல்லச் சொல்ல
எழுத்துப்பிழையோடு எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வேலிக் கம்பி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆண்டவரே,
உம் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.
கேட்டேன் என்று
யாரிடமும் சொன்னதுமில்லை.

சாவியை இப்போது வாசற்கதவுக்கு வெளியே
ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்,
யார் வந்தாலும் கண்ணில் படட்டும் என்று.
காற்றடிக்கிற இரவுகளில்
அது பலகையில் மோதுகிறது.
டக். டக்.
காற்றுதான், தெரியும்.

ஒவ்வொரு தடவையும்
எழுந்து போய்ப் பார்க்கிறேன்.